ஸ்பீக்கரின் சொந்தக் குரல்

ஸ்பீக்கரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னவன் டயர். இருவரும் என்னோடு கல்லூரியில் படித்தவர்கள். டயர் அந்த நாட்களில் விடியற்காலையில் பஞ்சர் கடையில் வேலை செய்துவிட்டு வகுப்புக்கு வருவான், அதனால் வந்த பெயர். இப்போது ஒரு லாரி கம்பெனி அலுவலகத்தில் இருக்கிறான். ஸ்பீக்கர் இப்போது இல்லை. மூன்று மாதத்துக்கு முன், நான்கு நாள் காய்ச்சலில், இருபத்து நான்கு வயதில் போய்விட்டான். எதிலும் அவசரப்படாத ஆள். பஸ் நகர ஆரம்பித்த பிறகுதான் செருப்பின் வாரைச் சரிசெய்யக் குனிவான். இதில் மட்டும் எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டான்.

"நீ எழுதுடி பன்னு. நீதான டிகிரி படிச்சவ" என்றான் டயர் போனில்.

"நீயும் அதே டிகிரிதானடா?"

"நான் பாஸானேன். நீ படிச்ச. ரெண்டும் வேற."

பன் என்பது என் பெயர். காலை ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை ஒரு பேக்கரியில் ரொட்டி அடுக்கும் வேலை செய்தேன். என் பை, துப்பட்டா, நோட்டுப் புத்தகம் எல்லாம் வெந்த மாவு வாசனை அடிக்கும். பெயர் வைத்தவன் ஸ்பீக்கர்தான்.

டயர் திட்டம் போட்டிருந்தான். அடுத்த ஞாயிறு, எங்கள் பழைய வகுப்பறையில் நினைவுக் கூட்டம். புள்ளியியல் சார் தலைமை. ஸ்பீக்கரின் அம்மா முன்வரிசையில். நான் எழுதியதை வாசிக்க வேண்டும்.

"கடைசில சார் அட்டென்டன்ஸ் எடுக்கறார். முப்பத்தொண்ணுன்னு அவன் நம்பரைக் கூப்பிடறார். நாம எல்லாரும் எந்திரிச்சு 'எஸ் சார்'ங்கறோம். ஒருத்தர் கண்ணுலயும் தண்ணி நிக்காது பாரு."

"அவன் இருந்தா விழுந்து விழுந்து சிரிப்பான்டா."

"அதான் அவன் இல்லாத நேரமாப் பாத்து வெக்கறோம்."

அந்த அட்டென்டன்ஸ் கதையைச் சொல்லாமல் ஸ்பீக்கரைச் சொல்ல முடியாது. முதல் பீரியட் புள்ளியியல், எட்டே முக்காலுக்கு. என் பேக்கரி வேலை முடிவது ஒன்பதுக்கு. டயருக்குப் பஞ்சர் கடை. இன்னும் இரண்டு பேர் ஃபுட்பால் ஆடிவிட்டு மைதானத்திலிருந்தே வர மாட்டார்கள். லென்ஸ் என்று ஒருவன், தடித்த கண்ணாடி போட்டவன், அவனுக்கு எந்த வேலையும் இல்லை, தூங்குவான். ஆக ஐந்து பேர். ஐந்து பேரும் ஒரே நாளில் முதல் பீரியடுக்கு வந்ததாக வரலாறு இல்லை.

புள்ளியியல் சார் ஒரு நல்ல பழக்கம் வைத்திருந்தார். அட்டென்டன்ஸ் எடுக்கும்போது தலையை நிமிர்த்த மாட்டார். பதிவேட்டைப் பார்த்தபடியே எண்களை வாசிப்பார், பதில் குரல் வந்தால் கோடு போடுவார். நிமிர்வது யாராவது சிரித்தால் மட்டும்தான். சிரிப்பு என்றால் அவருக்கு ஆகாது.

ஸ்பீக்கர் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து பேருக்கும் பதில் சொல்வான். இருபத்தொன்பதுக்கு டயரின் கரகர. முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் ஃபுட்பால்காரர்களின் மூச்சு வாங்கும் குரல். முப்பத்து மூன்றுக்கு லென்ஸின் கொட்டாவி. முப்பத்து நான்குக்கு நான். பெண் குரல் என்று கீச்சிட மாட்டான். வாக்கியத்தின் கடைசியைக் கொஞ்சம் தயங்கி விடுவேனாம், அதைப் பிடித்திருந்தான். நான் அப்படிப் பேசுகிறேன் என்பதே எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும்.

ஒருநாள் பேக்கரியில் அடுப்பு பழுதாகி நான் சீக்கிரம் வந்துவிட்டேன். சார் முப்பத்து நான்கு என்றார். நான் வாயைத் திறந்து, என் சொந்த வாயால், "எஸ் சார்" என்றேன். யாரும் சிரிக்காமலே சார் தலையை நிமிர்த்தியது அந்த வருடத்தில் அதுதான் முதல்முறை.

"யாரு அது? முப்பத்தி நாலுக்குக் குரல் குடுக்கறது யாரு?"

"நான்தான் சார்."

"அந்தப் பொண்ணு குரல் எனக்குத் தெரியும்மா. தினம் கேக்கறேன். வெளிய போ."

நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே ஸ்பீக்கர் பெஞ்சில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். அன்று மாலை, "நாளைக்கு நீ வந்தாலும் பேசாத, நான் சொல்லிக்கறேன். நீ சொன்னா சந்தேகம் வருது" என்றான். அதை என் குரலிலேயே சொன்னான்.

இப்படி ஐந்து பேரையும் காப்பாற்றியவனின் எண் முப்பத்தொன்று. இறுதித் தேர்வுக்கு முன் வருகை குறைந்தவர்களின் பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டது. எங்கள் ஐந்து எண்களும் அதில் இல்லை. முப்பத்தொன்று இருந்தது. ஒரு நாள்கூட வகுப்பைத் தவறவிடாதவன், புள்ளியியல் வகுப்பில் மட்டும் ஒரு நாளும் வராதவனாகியிருந்தான். அந்த ஒரு தாளை எழுத அனுமதி இல்லை.

டயர் சிரித்த சிரிப்பு நூலகம் வரை கேட்டிருக்கும். "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு உன் நம்பரை மறந்துட்டியேடா!" ஸ்பீக்கரும் பின்கழுத்தைத் தடவிக்கொண்டு சிரித்தான். "ம-மறந்துட்டேன்" என்றான். சொந்தக் குரலில் பேசும்போது அவனுக்குக் கொஞ்சம் திக்கும். அதனால் சொந்தக் குரலில் அவன் அதிகம் பேசியதில்லை.

அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அந்தத் தாளுக்கு வருகை போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஒரு வாரம் போனான், நின்றுவிட்டான். கேட்டால், "அந்தப் பசங்க குரல் எதுவும் எனக்குப் பிடிபடல" என்று யார் குரலிலாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். நாங்களும் சிரித்துவிட்டு எங்கள் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போனோம். எங்கள் வீட்டில் பட்டம் என்பது அதுதான் முதல். அப்பா அதை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது முறை, "இந்தப் பேரு உன்னுதுதானா, நல்லாப் பாரு" என்றார்.

எழுதும் முன் அவன் வேலை பார்த்த இடத்தைப் பார்க்கப் போனேன். மூன்று வருடம் ஒருவன் எங்கே உட்கார்ந்தான் என்றுகூடத் தெரியாமல் அவனைப் பற்றி எழுதுவது எனக்கே பொய்யாகப் பட்டது. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுது பார்க்கும் சர்வீஸ் சென்டர். பெயர்ப்பலகை பெரிது, இடம் ஒரே அறை. பின்பக்கம் வயிறு திறந்த மெஷின்கள், இரண்டு மெக்கானிக்குகள். முன்பக்கம் ஒரு மேசை, ஒரு போன். அந்த மேசைதான் ஸ்பீக்கருடையது.

"அவன் போனதுல எனக்கு ரெண்டு ஆள் கொறஞ்சுபோச்சும்மா" என்றார் முதலாளி.

"ரெண்டு பேரா சார்?"

"கஸ்டமர் கத்துவாங்கல்ல? 'மேனேஜர்கிட்ட குடு'ம்பாங்க. இவன், 'ஒரு நிமிஷம் மேடம்'னு போனை மேசைமேல வெப்பான். எந்திரிச்சுக் கதவைத் தெறந்து மூடுவான், சத்தத்துக்காக. திரும்ப வந்து எடுத்து, 'மேனேஜர் பேசறேன்'ம்பான். அப்படியொரு கனத்த குரல். நானே ரெண்டு தடவை எந்திரிச்சு நின்னுருக்கேன்."

முதலில் மேனேஜர், ஸ்பீக்கரைத் திட்டுவாராம். "அந்தப் பையனுக்கு நான் எத்தனை தடவை சொல்றது!" என்பாராம். கேட்ட கஸ்டமர்கள் மனது இளகி, "பரவால்ல சார், சின்னப் பையன், விடுங்க" என்று பழுதை மறந்துவிடுவார்களாம்.

நான் இருக்கும்போதே போன் அடித்தது. முதலாளி எடுத்தார். "மேனேஜரா? லீவுல இருக்கார்ங்க... ஆமா, இன்னும் லீவுதான்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பையன் போயிட்டான்னு சொல்லியாச்சு. மேனேஜரும் போயிட்டார்னா நம்புவாங்களா? ஒரே காய்ச்சல்ல ரெண்டு பேரையும் நான் எப்படிச் சாகடிக்கறது?"

அதைக் கேட்டுச் சிரித்தேன், வெளியே வந்து சாலையோரம் நின்ற பிறகுதான் சிரிப்பு நின்றது.

வெள்ளிக்கிழமை ஸ்பீக்கரின் அம்மா போன் செய்தார். வீட்டில் தையல் மெஷின் வைத்துத் துணிகளை அளவு மாற்றித் தருபவர். பெரிதாக வாங்கிய பேண்ட்டைக் குறைப்பது, இறுகிப்போன சட்டையைப் பிரித்து விடுவது. ஒரு வருடம் வரை யாரும் வாங்க வராத பேண்ட்டுகள் மகனின் இடுப்புக்கு மாறும். அதனால் ஸ்பீக்கர் போட்டிருந்த எந்தப் பேண்ட்டும் அவனுக்காகத் தைத்ததல்ல. "இன்னிக்கு நான் ஒரு பேங்க் ஆபீசர்" என்று பின்பக்கத்தைத் தட்டிக் காட்டுவான்.

"ஏம்மா பொண்ணு, உன் டிகிரி சர்டிபிகேட் வீட்டுல இருக்கா? நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, அளந்து சொல்லு" என்றார்.

எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. ஸ்கேலை எடுத்து அளந்து சொன்னேன்.

"நல்லது. ஓரத்துக்கு அரை இஞ்ச் விட்டுக்கறேன். அவனுக்கு ஒரு உறை தைக்கறேன், உள்ள லைனிங் குடுத்து. சர்டிபிகேட் காலேஜ்லயே இருக்கு, அப்பறம் வாங்கிக்கலாம்னு மூணு வருஷமாச் சொல்லிட்டே இருந்தான், சோம்பேறி. ஞாயித்துக்கெழமை அந்த சாரை நேர்ல பாக்கும்போது நானே கேட்டு வாங்கிக்கறேன்."

போனை வைத்தபோது ஸ்கேல் இன்னும் என் சான்றிதழின் மேல்தான் இருந்தது. இல்லாத ஒன்றுக்கு அளவு கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, எல்லோர் முன்னிலையிலும், அவர் கையில் உறையோடு எழுந்து கேட்பார். சார் பதிவேட்டைப் பார்த்து, அப்போதும் தலை நிமிராமல், அப்படி ஒன்று இல்லை என்பார்.

டயரைக் கூப்பிட்டேன்.

"சாரைத் தனியாப் பாத்து, ஏதாவது ஒரு தாளைக் குடுக்கச் சொன்னா என்னடி?"

"டேய், இன்னும் எத்தனை நாள் ஆள் மாறாட்டம் பண்ணுவ?"

"அப்ப நீயே போய்ச் சொல்லு. எனக்கு அந்தம்மாவைப் பாத்தா பயம். கையில எப்பவும் கத்திரிக்கோல் இருக்கும்."

சனிக்கிழமை மதியம் போனேன். இரண்டே அறை. முன்னறையில் ஜன்னலோரம் மெஷின், கொடியில் சீட்டு குத்திய துணிகள். சுவரில் அவன் படம், ஏதோ பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கியது, யாரையோ பார்த்துச் சிரிப்பை அடக்கியது போல. அம்மா உதட்டில் நான்கு குண்டூசிகளைக் கவ்வியபடி ஒரு பாவாடையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். உறை மெஷின்மேல் தயாராக இருந்தது. கருநீலத் துணி, இரண்டு பொத்தான். பேங்க் ஆபீசர் பேண்ட்டின் துணி அது.

நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். ஒரு தாள் எழுதவில்லை, பட்டம் வரவில்லை, சான்றிதழ் எந்தக் கல்லூரியிலும் இல்லை. எங்கள் ஐந்து பேருக்கும் பதில் சொல்லிவிட்டுத் தன் எண்ணை மறந்துவிட்டான்.

அம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக உதட்டிலிருந்து எடுத்து ஊசித் திண்டில் குத்தினார். நான்காவது ரொம்ப ஆழமாக இறங்கியது.

"மூணு வருஷமா? என்கிட்டயா?" படத்தைத் திரும்பிப் பார்த்தார். "பொய்யி! இரு, அவங்க மேனேஜர் மாசாமாசம் எனக்குப் போன் பண்ணுவாரே. 'உங்க பையன் டிகிரி படிச்சவன்னு சொல்லவே வேண்டாம்மா, வேலைலயே தெரியுது'ன்னு சொன்னாரே. அவரும் பொய்யா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒன்றைச் சொல்ல வந்தவள் இரண்டாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

"அம்மா... அந்த மேனேஜரும் அவன்தான்."

 அம்மா மெஷினின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினார்.

"அவனா? நான் அவன்கிட்டயா 'சார் சார்'னு பேசிட்டு இருந்தேன்? 'என் பையனைக் கொஞ்சம் பாத்துக்கங்க சார்'னு எத்தனை தடவை கெஞ்சியிருக்கேன்! 'கவலையே படாதீங்கம்மா, என் தம்பி மாதிரி'ன்னான் திருட்டுப் பய!" சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தார். நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் பாவாடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உக்காரு" என்றார். "என்னமோ சொன்னியே. அவன் நம்பரை மறந்துட்டான்னு."

"ஆமாம்மா. அவனேதான் சொன்னான்."

"தெனமுமா மறப்பான் ஒருத்தன் தன் நம்பரை? அஞ்சு பேரோடது ஞாபகம் இருக்கும், தன்னோடது மட்டும் மறக்குமா? டிகிரி படிச்சவதான நீ?"

நான் பாவாடையின் ஓரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

"அவனுக்கு 'எ'ன்னு ஆரம்பிச்சா வாய் நின்னுடும். 'எனக்குப் பசிக்குது'ன்னு சொன்னதே கெடையாது. 'பசிக்குது', அவ்வளவுதான். ஆனா வேற யாரு மாதிரியாவது பேசினா தண்ணியா ஓடும். சின்னதுல கடைக்கு அனுப்பினா, பக்கத்து வீட்டு அண்ணன் கொரல்லதான் சாமான் கேப்பான். உங்களுக்கு 'எஸ் சார்'னானா, அது நீங்க. அவனுக்கு அவனே சொல்லணும்னா? எ-எ-எ-ன்னு நிப்பான். நின்னா என்ன ஆகும்?"

"சிரிப்பாங்க."

"சிரிச்சா?"

"சார் நிமிருவார்."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. சார் நிமிர்ந்தால் காலி பெஞ்சுகள் தெரியும். அடுத்து வரும் முப்பத்திரண்டும் முப்பத்து மூன்றும் முப்பத்து நான்கும் மாட்டும். மற்ற சார்களின் வகுப்பில் அவன் கையைத் தூக்கினால் போதும். இந்த வகுப்பில் மட்டும் தினமும் முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான். நாங்கள் அதை மூன்று வருடம் நகைச்சுவையாகச் சொல்லித் திரிந்தோம். என் சான்றிதழில் இருப்பது என் பெயர்தான், அப்பா நன்றாகப் பார்க்கச் சொன்ன பெயர். அதன் அடியில் அவனுடைய வாய்மூடல் எத்தனை நாள் என்று எந்தச் சாரிடம் கேட்பது?

என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

"ஏய், உடனே அவனைப் பெரிய தியாகியா ஆக்கி எழுதிடாத. சிரிப்பாங்களேன்னு பயம், அது முக்கால்வாசி. மிச்சம் கால்வாசிதான் உங்களுக்கு. என் புள்ளைய எனக்குத் தெரியும்."

"கால்வாசியே எனக்கு நிறையம்மா."

"ஆமா. அஞ்சு பேரு பங்கு போட்டுக்கணும்ல." அடுத்த ஊசியை எடுத்து உதட்டில் வைக்கப் போனவர் நிறுத்தினார். "அஞ்சு பேரும் பாஸா?"

"நாலு பேரும்மா. லென்ஸ் ஃபெயில்."

"அட்டென்டன்ஸும் குடுத்து, பரீட்சையும் எழுதி ஃபெயிலா?"

"பரீட்சை ஹால்லயும் தூங்கிட்டான்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு முடிவாகச் சொன்னார். "நாளைக்குக் காலேஜுல கூட்டம் எல்லாம் வேணாம். அந்த சார்கிட்ட எனக்கு ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல. நீங்க அஞ்சு பேரும் இங்க வாங்க. வரிசையா நிக்க வெச்சு ஒவ்வொருத்தரையும் திட்டணும். அவனைத் திட்ட முடியல, யாரையாவது திட்டணும்ல?"

ஞாயிறு காலை பத்து மணிக்குப் போனோம். டயர் இஸ்திரி போட்ட சட்டையில், தேர்வு முடிவு பார்க்க வந்தவன் போல வியர்த்துக்கொண்டிருந்தான். லென்ஸ் ஆச்சரியமாக விழித்திருந்தான். ஃபுட்பால்காரர்களில் ஒருவன் வந்திருந்தான், இன்னொருவனுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட். நான் எழுதிய ஒரு பக்கத்தை எடுத்து நீட்டினேன்.

"அதை அப்பறம் படி. மொதல்ல நில்லுங்க" என்றார் அம்மா. கருநீல உறை மெஷின் மேலேயே இருந்தது. பொத்தான் திறந்து, உள்ளே கத்திரிக்கோலும் அளவு நாடாவும் சாக்குக்கட்டியும். "சும்மா கெடந்துச்சு. பத்திரமா இருக்கு இதுங்க" என்றார், நான் பார்ப்பதைப் பார்த்து.

டயரில் ஆரம்பித்தார். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவனுக்கு நண்பனின் நம்பரை ஒரு நாள் திருப்பிச் சொல்லத் தெரியவில்லையா? லென்ஸுக்குத்தான் அதிகம் கிடைத்தது. "ஒரு மனுஷன் உனக்காகக் கொட்டாவி கூட விட்டிருக்கான்டா!" என்றபோது லென்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், நெடுநேரம் துடைத்தான். என்னிடம் வந்து, "உன்னை நேத்தே திட்டியாச்சு" என்று தாண்டிப் போனார். அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பிறகு எண்ணினார். "நாலுதான் இருக்கு. இன்னொருத்தன் எங்க?"

 எனக்குப் பின்னால் டயர் தொண்டையைக் கனைத்தான். வேண்டாம்டா என்று திரும்புவதற்குள், அந்த ஃபுட்பால்காரன் மூச்சு வாங்குவது போல இழுத்து இழுத்து, "வ...ந்துட்டேம்மா!" என்றான்.

கேட்கச் சகிக்கவில்லை. டயர் காற்று இறங்குவது போலவே இருந்தது.

அம்மா தலையை நிமிர்த்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார். சுவரில் இருந்தவனையும் ஒருமுறை பார்த்தார்.

"அவன் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்" என்றார். "நீங்கல்லாம் பேசினா நீங்கதான்டா தெரியறீங்க. சரி, அந்த ஷிஃப்ட்டுக்காரனை வர்ற வாரம் நேர்ல வரச் சொல்லு. இப்ப நீ படிம்மா. சத்தமாப் படி. கடைசி வார்த்தையை முழுங்காத."